சிறப்புக் கல்வி ஆசிரியர்க்குரிய பட்டமும் கரிசல் நாட்டின் தேவையும்

(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்பும் ஒருவர் என்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு இம்மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். கல்லூரி அறிவிப்புப் பலகையில் நான்கு வரிகளில் எழுதி ஒட்டிவிடத்தக்க செய்திக்கு ஒரு சொற்பொழிவு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த நான்கு வரிகளையும் சொல்லத்தான் போகிறேன். ஆயினும், அவ்விதிகளை வகுத்தவர்கள் எக்காரணங்களைக் கொண்டு வகுத்தார்கள் என்பதையும், அவற்றையெல்லாம் நிறைவேற்றிப் பட்டத்தோடு வெளியே வரும் ஒரு பெண்ணுக்கு நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கூறாவிட்டால், விதியை ஒப்புவித்து விஷயத்தை விட்டவனாவேன்.

முதலில் நம் பிரதேசத்தின் நிலையை நோக்குவோம். ஐப்பசி கார்த்திகை மழையொன்றையே நம்பிப் பருத்தியும் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விதைக்கின்ற இக்கரிசல் சீமையில், விதைப்பும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் ஆணும் பெண்ணும் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுகிறார்கள்; காட்டில் வேலையற்ற மாதங்களில் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். நடக்கமாட்டாத, அல்லது சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிற குழந்தையொன்று அவ்வீட்டில் இருக்குமாயின், அது பாட்டியின் காவலில், திண்ணையிலும் தொழுவத்து ஓரத்திலும் தன் பாலியம் முழுவதையும் கழிக்கிறது. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று பழிப்பவர், ஒருநாள் கூலியை இழந்தால் அக்குடும்பத்தில் என்ன நேரும் என்பதை அறியாதவர். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இப்பக்கத்தில் ஆழ வேரூன்றியிருப்பதையும், நெருங்கிய இரத்த உறவில் மணப்பதால் பிறவிக் காது கேளாமை முதலிய பரம்பரைக் குறைகள் மிகுதற்கு இடமுண்டு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவதையும் சொல்லாமல் விடுதற்கில்லை.

இத்தகைய குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி நம் சீமைக்குப் புதிதும் அன்று. அமிர்தசரஸ் நகரில் 1887-ஆம் ஆண்டில் ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் நிறுவியதே இந்தியாவில் பார்வையற்றோர்க்கென எழுந்த முதற் பள்ளி என்பர். அதற்குப்பின் மூன்றே ஆண்டுகளில், அதாவது 1890-இல், இங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையத்தக்க பாளையங்கோட்டையில், ஆஸ்க்வித் என்னும் ஆங்கிலப் பெண்மணி பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் அதே ஊரில் காது கேளாதோர்க்கு ஒரு பள்ளியை ஸ்தாபித்தார். சென்னையையும் கல்கத்தாவையும் நோக்கியே பெருமை பேசிப் பழகிய நமக்கு, இவ்விஷயத்தில் தேசத்தின் முன்வரிசையில் நின்றது தாமிரபரணிக் கரை என்பது பலகாலும் மறந்துபோகிறது.

அந்நாளில் அவர்களிடம் பயின்று ஆசிரியரானவர்களுக்கு இன்று நாம் கேட்கிற பட்டங்கள் எவையும் இருந்ததில்லையே என்று ஒருவர் வினவலாம். இன்னும் பின்னே சென்று, பிறவியிலேயே பார்வை இழந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும், இளமையில் அம்மை நோயால் கண்களை இழந்து, பின்னாளில் சேதுபதி சமஸ்தானத்தில் புலமை செலுத்திய மாம்பழக் கவிச்சிங்க நாவலரையும் காட்டி, இவர்களுக்குக் கற்பித்தவர் எந்தச் சர்வகலாசாலையின் முத்திரையைப் பெற்றிருந்தார் என்றும் கேட்கலாம். அழகான கேள்வி. ஆனால் அவ்விருவரும் அபாரமான ஞாபக சக்தியைத் துணைக்கொண்டு எழுந்த அபூர்வ மேதைகள்; அவர்கள் காலத்தில் கண்ணிழந்து, கற்பிப்பாரின்றித் திண்ணையிலேயே மடிந்த சாதாரணப் பிள்ளைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்வியின் ஏற்பாடு மேதைக்காக அன்று, அந்தச் சாதாரணப் பிள்ளைக்காகவே செய்யப்பட வேண்டும்.

ஹெலன் கெல்லரின் ஆசிரியையான ஆன் சல்லிவனையும் இவ்விடத்தில் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. 1887-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் அந்தச் சிறுமியின் வீட்டை அடைந்தபோது அவருக்கு இருபது வயது, பட்டம் ஏதுமில்லை. அன்பு ஒன்றினாலேயே அவர் சாதித்தார் என்பது நம் மேடைகளில் வழங்கும் கதை. நிகழ்ந்தது வேறு. தாமும் கண் பார்வை மங்கியவராய்ப் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் ஆறாண்டுக் காலம் பயின்றவர் அவர். ஹெலனைப் போலவே பார்வையும் செவியும் ஒருங்கே இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்மணி அப்பள்ளியிலேயே வாழ்ந்திருந்தமையால், அவரோடு கையில் விரலால் எழுத்துக்கூட்டிப் பேசிப் பழகியவர். ஹெலனிடம் புறப்படுமுன், லாராவுக்குத் தாம் கற்பித்த முறையை டாக்டர் சாமுவேல் ஹவ் எழுதிவைத்திருந்த குறிப்புகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர். இத்தனையையும் பயிற்சி என்று கூறாமல் வேறென்ன கூறுவது? காகிதத்தில் எழுதித் தரப்படவில்லையே ஒழிய, இன்றைய இரண்டாண்டுப் படிப்பு எதை வேண்டுகிறதோ அதற்கு மேலாகவே அவரிடம் இருந்தது. அத்தகைய பள்ளியும் அத்தகைய துணையும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை ஆகையால், அவருக்குத் தற்செயலாகக் கிடைத்ததை மற்றவர்க்கு முறையாகக் கிடைக்கச் செய்வதற்கே பட்டமும் பாடத்திட்டமும் ஏற்பட்டன.

நம் தேசத்தில் அம்முறையை வகுக்கும் பொறுப்பு இந்திய மறுவாழ்வு மன்றத்தினுடையது. 1986-இல் ஒரு சங்கமாகத் தொடங்கிய அம்மன்றம், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்று, அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. மன்றம் அங்கீகரித்த படிப்பை, மன்றம் அங்கீகரித்த நிலையத்தில் முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்டவரே சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பணியாற்றலாம். அல்லாதார் பணியாற்றினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பது அச்சட்டத்தின் விதி. ஆயிரம் ரூபாய்க்கு இன்று யாரும் அஞ்சப்போவதில்லை. ஆனால் ஒரு குழந்தைக்குக் கற்பிப்பதை மருத்துவத் தொழிலுக்கு நிகராக வைத்து, பதிவு பெறாதவர் தீண்டலாகாது என்று நாடாளுமன்றம் கருதியதே, அக்கல்வியின் கௌரவத்துக்கு ஒரு சாட்சி.

இனி அந்த நான்கு வரிகள். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் பெற்றவர், சிறப்புக் கல்வியில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அது தொடக்க வகுப்புகளுக்கு உரியது. உயர் வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர், ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தில் ஐம்பது சதவிகிதம் பெற்று, அதன்பின் சிறப்புக் கல்விக்குரிய பி.எட். பட்டத்தைப் பெற வேண்டும். ஒதுக்கீட்டுக்குரிய பிரிவினர்க்கு அரசு விதிப்படி மதிப்பெண்ணில் சலுகை உண்டு. 2015-க்கு முன் ஓராண்டாக இருந்த அப்படிப்பு, அவ்வாண்டு முதல் நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பாயிற்று. பொதுவான பி.எட். பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பதிவேட்டில் இடம்பெற இயலாது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இளநிலைப் பட்டத்தையும் கல்வியியல் பட்டத்தையும் ஒருங்கே தரும் நான்காண்டுப் படிப்பே ஆசிரியர்க்குரிய குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று கூறியிருப்பதும், அதனையொட்டி மறுவாழ்வு மன்றமும் 2024-இன் தொடக்கத்தில் இரண்டாண்டு முறையிலிருந்து நான்காண்டு முறைக்கு மாறும் எண்ணத்தை வெளியிட்டதும், இவ்விதிகள் நாம் பார்க்கும்போதே உருமாறி வருவன என்பதற்குச் சான்றுகள்.

இளநிலையில் எந்தப் பாடத்தை எடுப்பது என்பதே மாணவர் என்னிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி. எந்தப் பட்டமும் போதும் என்று விதி கூறுவதனால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உளவியல் பயின்றால் இத்தொழிலுக்கு மிக அணுக்கமாயிருக்கும் என்பதும் பலரது எண்ணம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் என் அபிப்பிராயம் சற்று மாறுபட்டது. பி.எட். வகுப்பில் குழந்தையின் வளர்ச்சியையும் உளவியலையும் கற்பிக்கவே போகிறார்கள். ஆனால் கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழையும் ஆங்கிலத்தையும் அங்கே கற்பிக்கமாட்டார்கள், கற்பிக்கும் முறையைத்தான் சொல்லித் தருவார்கள். பொருளையே அறியாதவர்க்கு முறை எதற்குப் பயன்படும்? ஆகவே பள்ளியில் நடத்தப்படும் பாடம் ஒன்றை இளநிலையில் ஊன்றிப் பயின்று வருபவரே, பின்னாளில் இரு வகையிலும் வலிமையுள்ளவராகிறார். குறிப்பாகக் கணிதம். பார்வையற்ற பிள்ளைக்கு வடிவியல் எதற்கு, படம் எப்படிப் பார்ப்பான் என்று கூறி, எட்டாம் வகுப்போடு கணக்கிலிருந்தும் விஞ்ஞானத்திலிருந்தும் அவனை மெல்ல விலக்கிவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. மணிச்சட்டத்தால் பெருக்கவும், தடவி உணரும் வரைபடத்தால் முக்கோணத்தை அறியவும் அவனால் முடியும். முடியாதது, அவற்றைக் கையாளத் தெரிந்த கணிதப் பட்டதாரி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான். இவ்வூர்க் கல்லூரிகளில் கணிதம் பயிலும் பெண்களில் பத்துப்பேர் இத்துறைக்கு வருவார்களாயின், அவர்கள் செய்யும் உபகாரம் பெரிது.

பி.எட். படிப்பில் எல்லா வகைக் குறைபாடுகளையும் பொதுவில் அறிந்துகொள்ள வேண்டுமாயினும், பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, புறவுலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்னும் இவற்றுள் ஒன்றைத் தனிச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். இத்தேர்வு விளையாட்டன்று. பார்வையற்றோர்க்குக் கற்பிக்கப் போகிறவர் பிரெயில் முறையை விரலால் அறிய வேண்டும். சட்டகத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போய், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கிற அவ்வித்தை, கண்ணுள்ளவர்க்கு முதல் மாதத்தில் தலைசுற்றலையே தருகிறது. 1951-இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில், தமிழின் ககரத்துக்கும் ஹிந்தியின் ககரத்துக்கும் ஒரே புள்ளிகள்தாம் என்பது அதில் கிடைக்கும் ஆறுதல்களில் ஒன்று.

அறிவுசார் குறைபாட்டைத் தேர்ந்தவரின் வேலையோ வெளிப்பார்வைக்கு வேலையாகவே தோன்றாது. இப்பக்கத்துக் கிராமமொன்றில், பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஆசிரியை ஒருவரோடு ஒருமுறை சென்றிருந்தேன். வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் அவர் அங்கே வருகிறார். பதின்மூன்று வயதுப் பையன். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாது. அவர் எல்லாப் பொத்தான்களையும் தாமே போட்டு, கடைசிப் பொத்தானையும் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மிச்சத்தை அவன் இழுக்கும்படி விட்டார். அவன் இழுத்தான், பொத்தான் மாட்டிக்கொண்டது, வேலை தன்னால் முடிந்தது என்ற திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது. இப்படிக் கடைசியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கி வந்து, முதற் பொத்தானை அடையப் பல வாரங்கள் ஆகும் என்றார். செயலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, இறுதிக் கூற்றை முதலில் கற்பிக்கும் இம்முறை பாடத்திட்டத்தில் உள்ளதுதான். அதைக் கற்காதவர் மேலிருந்து தொடங்கி, முதற் பொத்தானிலேயே பிள்ளையை அழவைத்து, 'இவனுக்கு ஏறாது' என்று எழுந்துவிடுவார். எண்ணச் சொல்லித் தர அவர் கொண்டுவந்திருந்தவை மருந்து வைக்காத தீக்குச்சிகள். தாயின் தொழிற்சாலையிலிருந்து வந்தவையாகையால் பையனுக்குப் பழகிய பொருள். புறப்படும்போது அத்தாய், "எட்டு நாளைக்கு ஒருக்க வாரீக, டீச்சர். நாலு நா வந்தீகன்னா இவன் எங்கயோ போயிருவான்ல?" என்றார். ஆசிரியை பதில் கூறவில்லை. அவருடைய பட்டியலில் அன்று இன்னும் மூன்று வீடுகள் இருந்தன.

இக்குழந்தைகளுக்கெனக் கண்டுபிடிக்கப்பட்ட முறைகள் மற்றெல்லாக் குழந்தைகளுக்கும் பயன்பட்டதற்குச் சரித்திரத்தில் நல்ல திருஷ்டாந்தம் உண்டு. 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர் பலருக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையார், ரோமாபுரியில் முதன்முதல் தம் சாதனங்களைக் கையாண்டது அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடத்தில்தான். இன்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, அத்தகைய பிள்ளையைச் சேர்க்க மறுப்பதை என்னவென்று சொல்வது!

மேற்கே, மலையடிவாரத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், தமக்குச் சிகிச்சை செய்த அமர்ஜித் சிங் சாஹல் என்னும் மருத்துவரின் பெயரால் 1981-இல் அதைத் தொடங்கினார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த ஆண்டு அது. இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர், பட்டத்தில் சேருமுன் அங்கோ பாளையங்கோட்டையிலோ சில நாட்கள் தங்கி, வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருவது நலம். இரக்கத்தால் வருபவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போகிறார்கள். இவ்வேலையில் ஓர் அறிவு ரசம் கண்டவர்களே நிலைத்து நிற்கிறார்கள்.

பட்டம் பெற்றபின் என்ன? பொதுப் பள்ளியில் வகுப்பாசிரியராக வேண்டுமாயின், தகுதித் தேர்வும் உண்டு. ஆசிரியர் கல்விக்கான தேசிய மன்றம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சிறப்புக் கல்விப் பட்டயமோ பட்டமோ பெற்றவர் பணியில் சேர்ந்தபின் ஆறு மாதத் தொடக்கக் கல்விப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இது நியாயமே. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத்தில், பொதுக் கல்வி ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் காது கேளாத பிள்ளைக்காக ஆறு மாதம் எதையும் பயில வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்து, ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு உரிமையும் அளித்திருக்கிறது. உரிமை விரிந்த அளவுக்கு ஆசிரியர் தொகை விரியவில்லை.

இதை நான் மட்டும் கூறவில்லை. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப்பேருக்கு ஒரு சிறப்பாசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவரும் இருத்தல் வேண்டும் என்று கூறி, நிரந்தரப் பணியிடங்களை உண்டாக்குமாறு அரசுகளைப் பணித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் சென்றபின்னும் காரியம் நடவாமையால், 2025 மார்ச் மாதத்தில் மீண்டும் தலையிட்டு, தேவைப்படும் இடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறும், ஒப்பந்த முறையில் பல்லாண்டு உழைத்து வருபவரின் தகுதியைக் குழு வைத்து ஆராயுமாறும் ஆணையிட்டது. நம் மாநிலத்தில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் நெடுங்காலம் காத்திருப்பதும், பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் வீதியில் உட்கார்ந்ததும் செய்தித்தாள்களில் வந்தவை. இளநிலைப் பட்டம் மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு, பதிவேட்டில் பெயர், அதைக் குறித்த காலத்தில் புதுப்பித்தற்குத் தொடர்பயிற்சி, இவற்றில் ஒன்று குறைந்தாலும் சிறைத் தண்டனை என்று அச்சுறுத்துகிற அரசு, எல்லாம் நிறைந்தவர்க்குத் தருவது ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் ஓர் ஒப்பந்தத்தை. தகுதியை இவ்வளவு கறாராகக் கேட்பதற்கு அரசுக்கு உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் கேட்டபின் அத்தகுதிக்குரிய இடத்தைக் கொடுக்காமலிருக்க உரிமை இல்லை. இளைஞர்கள் இத்துறைக்கு வரவில்லையே என்று அங்கலாய்க்கும் அதிகாரிகளுக்கு என் விடை இதுவே.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பக்கத்து ஊரிலேயே சிறப்புக் கல்விச் சான்றிதழ் தருகிறோம், வகுப்புக்கு வரவேண்டியதில்லை, கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும் என்று கூறுவோர் இப்பக்கம் உலவுகிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் போல, மறுவாழ்வு மன்றத்தின் அநுமதியோடு தொலைவழியில் இப்பட்டத்தை நடத்தும் நிலையங்கள் உண்டு. கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் கல்வி நிலையம், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் என நேர்வகுப்பு நடத்தும் இடங்களும் உண்டு. எதில் சேர்வதாயினும், அந்நிலையத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்தச் சிறப்புப் பிரிவுக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மன்றத்தின் பட்டியலில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.